வாசலுக்கு மேல் ஒரு வேளாக் கொம்பு

"தண்ணில மீன் இருந்தா வலைல வரும். வலைல வராத மீனு உன் போத்தல்ல மட்டும் எப்படிட்டி வரும்?"

சித்தப்பா இதைக் கேட்டது அந்தமானில், படகுகள் அணையும் ஜெட்டியில், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களும் வலை அலசிக்கொண்டிருந்தவர்களும் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். தெலுங்குக்காரர் ஒருவர் தன் பங்குக்கு, எங்கள் தீவின் பொது மொழியான ஹிந்தியில், "பேட்டி, பானி பகட்னே காலேஜ் கயீ தீ க்யா?" என்றார். தண்ணீர் பிடிக்கவா கல்லூரிக்குப் போனாய் என்று. சிரிப்பு இன்னும் பெரிதானது.

நானும் விடவில்லை. "சித்தப்பா, நீங்க பீடி குடிச்சிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, உங்களப் பாக்காமலே சித்தி கண்டுபிடிச்சிருதாங்கல்ல? அது மாதிரிதான் இதுவும்."

"அவளுக்கு மூக்கு இருக்கு. உன் போத்தலுக்கு ஏது மூக்கு?"

போத்தலின் மூக்கு மெயின்லேண்டில், கடலுக்கு அப்பால் இந்தியக் கரையில் இருந்தது. கடலோரம் நான் தண்ணீர் அள்ளி வடிகட்டும் தாளை விமானத்தில் அனுப்ப வேண்டும். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அதில் ஒட்டியிருப்பதைக் கரைத்தெடுத்துப் படிப்பார்கள். ஒரு மீன் ஓரிடத்தில் நீந்திப் போனால் அதன் வழவழப்பு, தோலின் துகள், கழிவு என்று ஏதாவது கொஞ்சம் தண்ணீரில் தங்கிவிடும். அதில் அந்த மீனின் டி.என்.ஏ. இருக்கும். சில நாட்களில் வெயிலிலும் உப்பிலும் அழிந்துவிடும். அழிவதற்குள் அள்ளினால், மீனைப் பார்க்காமலே அது வந்து போனதைச் சொல்லிவிடலாம். பிடிக்க வேண்டாம், காயப்படுத்த வேண்டாம். இதைச் சித்தப்பாவிடம் விளக்கியபோது, "சுத்தி வளைக்காத. மீன் வேணும்னா எங்கிட்டக் கேளு, வெல போட்டுத் தாரேன்" என்றார்.

அவரிடம் கிடைக்காத மீன் அது. வேளா. சுறா மாதிரி உடல், திருக்கையின் இனம், முகத்துக்கு முன்னால் இருபுறமும் பல் வைத்த நீண்ட வாள். வலை எந்த வலையானாலும் அந்தப் பல் மாட்டிக்கொள்ளும். மாட்டிய மீன் தப்பாது. அதனாலேயே எங்கள் கடலில் அது இல்லாமல் போனது, அல்லது இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த 'அல்லது'க்காகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

எங்கள் வீடு ஷாதிபூரில். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையிலிருந்து அப்பாவின் குடும்பம் கப்பலேறி வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்ந்து ஓர் எஞ்சின் டிங்கி, சிறு படகு. அம்மாவுக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆய்வுக்கூடத்தின் அடையாள அட்டை வந்த புதிதில், பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழி இருக்கும்போது, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் போவேன். அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். பக்கத்துக் கடைக்காரியையும் பார்க்கச் சொல்லி முழங்கையால் இடிப்பாள்.

எங்கள் வாசலுக்கு மேல் ஒரு வேளாக் கொம்பு இருந்தது. அந்த மீனின் வாளைத்தான் எங்கள் ஆட்கள் கொம்பு என்பார்கள். நான் பிறப்பதற்கு முன், அப்பாவுக்குக் கல்யாணமே ஆகாத காலத்தில், சிப்பிகாட் பக்கத்து உப்பங்கழியின் வாயில் அவர் வலையில் மாட்டிய மீனின் கொம்பு அது. மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கட்டியிருந்தார். காலையில் கடலுக்குப் போகுமுன் கையை உயர்த்தி அதைத் தொட்டு, அதே கையால் சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவார்.

சின்ன வயதில் பாயில் படுத்தபடி அந்தக் கொம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எங்கே முடிகிறதோ அங்கிருந்து மீனை நானே வரைந்துகொள்வேன். தலை மாதா படத்துக்குப் பின்னால். உடல் தகரக் கூரையின் குறுக்கே. வால் பக்கத்து வீட்டு வங்காளிகளின் சமையலறையில். அவ்வளவு பெரிய மீன் எங்கள் கூரைக்கு மேல் அசையாமல் கிடப்பதாக எண்ணிக்கொண்டு தூங்கிப்போவேன். அது நீந்தினால் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டால், "மண்ணோட ஒட்டிக் கெடக்கும். அசைஞ்சாத்தான் அது மீனுன்னே தெரியும்" என்பார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கப்புறம் ஒண்ணு கூடக் கண்ணுல படல மக்கா" என்பார். மற்ற மீன்களைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரல் அவருக்கு வராது. பார்க்காத ஒன்றுக்காக ஏங்க முடியும் என்பதை நான் அந்தக் குரலில்தான் கற்றுக்கொண்டேன்.

எனவே மெயின்லேண்டிலிருந்து இந்த ஆய்வை நடத்தும் எங்கள் மேடம், "வேளாவைத் தேட எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சிப்பிகாட் என்றேன்.

சுனாமிப் பெரிய அலை வந்த வருடத்தில் நிலம் தாழ்ந்து, அங்கே வயல்களுக்குள் கடல் ஏறித் தங்கிவிட்டது. நெல் நின்ற இடத்தில் இப்போது அலையாத்தி நிற்கிறது. கரை ஓரமாகப் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். முதலையும் உண்டு. அதனால் நாங்கள் தண்ணீருக்குள் கையை விடுவதில்லை. நீண்ட மூங்கிலின் முனையில் போத்தலைக் கட்டி இறக்குவோம்.

புதுப் பெட்டி வந்து சேர்ந்த நாளில் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. வெள்ளைப் பெட்டி, அதற்குள் வடிகட்டும் குவளைகள், வடிதாள்கள், கையுறை, கைப்பம்பு. அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மூடியை மட்டும் தொட்டுப் பார்த்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப அடுக்கி வைத்தேன்.

டிங்கியில் போனபோது சித்தப்பா எஞ்சினில், அப்பா முன்னால், நான் நடுவில் பெட்டியோடு. பெட்டியில் ஒரு போத்தலில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சுத்தமான தண்ணீர் இருந்தது. அதை பிளாங்க் என்போம். படகில் வைத்தே திறந்து, மற்றத் தண்ணீரை வடிகட்டுகிற மாதிரியே அதையும் வடிகட்ட வேண்டும். அதில் எந்த மீனும் தெரியக் கூடாது. தெரிந்தால் நம் கையோ பெட்டியோ சுத்தமில்லை என்று பொருள்.

சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏட்டி, ஊருல குழாய்ல தண்ணி வாரதே என்னைக்கோ ஒருநாள். நீ நல்ல தண்ணியக் கடலுக்குக் கொண்டாந்து வடிகட்டி ஊத்துற. ஒரு வாய் தா."

"அதக் குடிச்சிட்டா நாளைக்கு உங்களத்தான் மீனுன்னு ரிப்போர்ட் வரும்."

"என்ன மீனுன்னு வரும்?"

"கெழவன் மீனு" என்றார் அப்பா முன்னாலிருந்து, திரும்பாமல். சித்தப்பா துடுப்பால் அவர் முதுகில் தண்ணீர் தெளித்தார்.

கழியின் வாயில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு உள்ளே போனோம். அப்பா ஓரிடத்தைக் காட்டினார். அவர் வலை மாட்டிய இடம். நான் மூங்கிலை இறக்கினேன். கலங்கிய, தேநீர் நிறத் தண்ணீர். பம்பை அழுத்த அழுத்தத் தாள் பழுப்பேறியது. அந்தப் பழுப்பையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாள்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த வாரங்களில் எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. விடுமுறை நாட்களில் காரணமில்லாமல் பஸ் ஏறிச் சிப்பிகாட் போய்க் கரையில் நிற்பேன். வெள்ளைக் கொக்குகள் நிற்கும். இறால் பொடிசுகள் துள்ளும். அந்தத் தண்ணீருக்கு அடியில், மண்ணோடு ஒட்டி, அது இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நம்பிக்கை என்று அதைச் சொல்ல முடியாது. நம்பிக்கைக்கு ஏதாவது காரணம் வேண்டும். என்னிடம் இருந்தது விருப்பம் மட்டும்தான்.

ஒரு மதியம் ஆய்வுக்கூடத்து மாணவி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. கழித் தண்ணீரை முதலில் சோதித்திருக்கிறார்கள். வேளா இருக்கிறது!

ஜெட்டிக்கு ஓடினேன். அப்பா வலை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னதும் மடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அவர் மடித்த மடிப்பு கோணலாகிக்கொண்டே போனது. சித்தப்பா என் தலையில் கைவைத்து ஆட்டினார். "போத்தலுக்கு மூக்கு மொளச்சிட்டுடே!" என்று ஜெட்டிக்கே கத்தினார். மாலைக்குள் ஷாதிபூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அன்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டாள்.

மறுநாள் மேடம் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பிளாங்க்லயும் வந்திருக்கும்மா."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மீன் எதுவும் இருக்கக் கூடாத சுத்தத் தண்ணீரிலும் வேளா. அப்படியென்றால் கழித் தண்ணீரில் தெரிந்ததையும் நம்ப முடியாது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. உங்க வீட்ல யாராவது அந்த மீன... சாப்பிடுறது, விக்கிறது உண்டா?"

முகம் சுட்டது. மீன்காரன் வீடு என்றால் எல்லாவற்றையும் சட்டியில் போடுவார்கள் என்ற நினைப்பா? "எங்க தண்ணில இல்லாத மீன நாங்க எப்படி மேடம் சாப்பிடுவோம்?" என்றேன். "வாசலுக்கு மேல ஒரு பழைய கொம்பு இருக்கு. அத நான் தொட்டதே இல்ல. பெட்டி இருந்தது உள் அறையில."

"சரி. யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பது போல. "எம் பெட்டிய யாராவது தொறந்தீங்களாப்பா?"

அவர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்.

"தொறந்தேன் மக்கா. நீ தூங்கின பொறவு. புது வல, புது எஞ்சின், எது வாங்கினாலும் கடலுக்குப் போகும் முன்ன கொம்ப எறக்கி அது மேல ஒரு இழு இழுப்பேம்லா? உன் பெட்டியும் புதுசுதான. மூடியத் தொறந்து உள்ள எல்லாத்துக்கும் மேல கொம்ப ஒரு தடவ இழுத்துக் கும்பிட்டுட்டு மூடினேன். மாதா துணை இருக்கட்டும்னு."

காய்ந்த கொம்பு, எத்தனையோ வருடத்துத் தோல், அதன் தூசு என் குவளைகளுக்குள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப மீனு இல்லையா?"

"தெரியாதுப்பா. மறுபடியும் பாக்கணும்."

"மறுபடியும் பாரு" என்றார். குழந்தை கேட்பது போல இருந்தது. திட்டலாம் என்று வைத்திருந்த சொல் எல்லாம் எங்கோ போய்விட்டது.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். "அந்தக் கொம்புல இருந்து ஒரு பொடி கெடைக்குமா? நம்ம சோதனைய வேற கடல்ல கெடச்ச வேளாவ வெச்சுத்தான் செஞ்சிருக்கோம். அந்தமான் வேளாவ அது அடையாளம் காணுதான்னே இதுவரைக்கும் சரியாத் தெரியாது. ஒருவகைல அத உங்கப்பா சொல்லிட்டாரு. முறைப்படி இன்னொரு தடவ பாக்கணும்."

முறைப்படி என்றால் கொம்பைப் பற்றி வனத்துறையிடம் சொல்ல வேண்டும். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காவல் இந்த மீனுக்கும் உண்டு. கொம்பைச் சும்மா வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இது எனக்குப் படித்த நாளிலிருந்தே தெரியும். சித்தப்பா குதித்தார். "வேலியில போறத எடுத்து மடியில விடுதியாட்டி? இத்தன வருசம் யாரு கேட்டா? கேஸ் போட்டா நீயா வந்து உள்ள இருப்ப?" அம்மா மாதா படத்தைப் பார்த்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அப்பா நாற்காலி போட்டு ஏறி, கட்டை அவிழ்த்து, கொம்பைத் தன் பழைய கைலிச் சாரத்தில் சுற்றினார். "அந்த மீனு இருக்கா இல்லையான்னு இதுதான் சொல்லும்னா, இது சொல்லட்டும்" என்றார்.

வனத்துறை அலுவலகத்தில் ஒரு வங்காளி அதிகாரி சாரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாபா, இத்னா படா? கஹா மிலா?" இவ்வளவு பெரியதா, எங்கே கிடைத்தது என்று. அப்பா தன் ஹிந்தியில் சொன்னார். அதிகாரி வழக்கு எதுவும் எழுதவில்லை. நாங்களாகக் கொண்டுவந்து ஒப்படைத்ததாக எழுதிக்கொண்டார். ஆய்வுக்கு அனுமதி கேட்டு மேடம் எழுதினார். அது கிடைத்த பிறகு கொம்பின் அடியிலிருந்து நகக்கண் அளவு பொடி எடுத்து அனுப்பினோம்.

கொம்பை ஒப்படைத்த மறுநாள் காலை அப்பா கடலுக்குக் கிளம்பும்போது நான் விழித்திருந்தேன். வாசலில் நின்றார். கை தானாக உயர்ந்தது. சுவரில் வெளிறிய தடம் ஒன்று, வாளின் வடிவில். அதைத் தொட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். போய்விட்டார்.

இரண்டாவது முறை சிப்பிகாட் போனது தாதா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணனின் படகில். புதுக் குவளைகள், புதுப் பெட்டி, வீட்டுக்கே கொண்டுவராமல் இங்குள்ள எங்கள் ஆய்வு அலுவலகத்திலிருந்து நேராக எடுத்துப் போனேன். அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கையில், சட்டையில், எதில் என்ன இருக்குமோ. எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கழிக்குள் திரும்பும்போது கரை ரோட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. பஸ்ஸில் வந்திருக்கிறார். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. தாதா பார்த்துவிட்டு, "துமாரா பாபா ஹை க்யா?" என்றார். ஆமாம், என் அப்பாதான் என்றேன். மூங்கிலை இறக்கினேன். அவர் காட்டிய அதே இடத்தில்.

விடை வந்தபோது மூன்றும் ஒன்றாக வந்தன. கொம்பின் பொடியில் சோதனை நன்றாக வேலை செய்தது, வேளா என்று பளிச்சென்று சொன்னது. பிளாங்க் சுத்தம். கழித் தண்ணீரில் எதுவும் இல்லை.

மேடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முன்னாடி இல்லன்னு வந்திருந்தா, சோதனை சரியில்லையோன்னு ஒரு சந்தேகம் இருந்திருக்கும். இப்ப அது இல்ல. அள்ளுன அன்னிக்கு, அந்த எடத்துல, அது இருந்ததுக்குத் தடயம் இல்ல." எங்கள் வீட்டுக் கொம்பே அந்த 'இல்லை'யை நம்பும்படி ஆக்கிவிட்டது.

அப்பாவிடம் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும் வழியில் சொன்னேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். முடி வெட்டும் கடையைத் தாண்டியதும் கேட்டார், "அந்தக் காடில மட்டும்தான பாத்த?" காடி என்பது எங்கள் தீவின் ஹிந்தியில் உப்பங்கழி.

"ஆமாப்பா."

"கடல் பெருசு மக்கா."

அவரிடம் இதைச் சொல்வதற்கு முன்பே நான் மேடத்துக்கு எழுதிவிட்டிருந்தேன். தெற்கே, பெரிய நிக்கோபாரில், ஆறுகள் கடலில் சேரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே இந்தச் சோதனையை நாங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை. இப்போது எங்கள் தீவு மீனை அறிந்த ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது, என்னை அனுப்புங்கள் என்று. நல்ல ஆங்கிலத்தில், யாரிடமும் திருத்தச் சொல்லாமல் எழுதிய முதல் விண்ணப்பம் அது.

கப்பல் ஏறிய நாளில் அம்மா மாங்காய் ஊறுகாயும் கருவாடும் கட்டிக் கொடுத்தாள். கருவாட்டைத் தனியாக வைத்துக்கொள், பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதே என்று அவளே சொன்னாள். சித்தப்பா, "கெடச்சா ஒரு போத்தல் எனக்கும் கொண்டா" என்றார். அப்பா கொஞ்சம் தள்ளியே நின்றார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. பெட்டியைத் தூக்க ஆள் தேடினேன். அவர் அசையவில்லை. நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். கப்பல் நகரும்போதும் கைகள் பின்னாலேயே இருந்தன. அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது, இந்தத் தூரத்தில், அடிக்கடி தோன்றுகிறது.

பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே ஊரில் ஒரு முன்னாள் ராணுவக்காரரின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். பஞ்சாபிக் குடும்பம். அந்த அம்மா ரொட்டியோடு என் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, எதைத் தேடுகிறாய் என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு மீனை இவ்வளவு வருடத்தில் பார்த்ததில்லை என்றார். நானும் பார்த்ததில்லை என்றேன்.

அனுமதி வர நாளானது. மழை வேறு. நேற்றுதான் வானம் வெளுத்தது. இன்று காலை படகில் ஆற்று வாய்க்குப் போனோம். காட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீர் பச்சையாகவும் கடல் பக்கத்து நீர் நீலமாகவும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. படகுக்காரரை எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். கையுறை போட்டேன். முதலில் பிளாங்கைத் திறந்து வடிகட்டி, தாளை மடித்து உறையில் வைத்தேன். பிறகு மூங்கிலை எடுத்து, பச்சையும் நீலமும் சேரும் கோட்டில் போத்தலை இறக்கினேன்.